சத்தம் எப்போது வருகிறது? பழைய புல்லட்டைக் காதால் படிப்பது

என் வண்டி 1991ஆம் ஆண்டின் ராயல் என்ஃபீல்ட் புல்லட் 350. வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். சித்தப்பாவிடமிருந்து என் கைக்கு வந்த முதல் மாதத்திலேயே அதன் வலப்பக்கத்தில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் போன பட்டறையில் ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறை முறுக்கிப் பார்த்துவிட்டு, "வால்வு, கைடு எல்லாம் போய்விட்டது தம்பி, ஹெட்டை இறக்க வேண்டும்" என்றார்கள். மனம் கேட்கவில்லை. ஊருக்கு வெளியே தனியாகக் கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியைத் தொடக்கூட இல்லை. "காலையில் எடுத்ததும் வருகிறதா, பத்துக் கிலோமீட்டர் ஓடிய பிறகு வருகிறதா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "இரண்டு நாள் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கேட்டேன். காலையில் சத்தம் அதிகம். வண்டி நன்றாகச் சூடானதும் பாதியாகக் குறைந்தது. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று கொடுத்தால் கூடியது. இதைச் சொன்னதும் பெரியவர் நேராகக் குனிந்து, சைலன்சர் பைப் ஹெட்டுடன் சேரும் இடத்தைப் பார்த்தார். அங்கே ஒரு விரல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. பின்னால் சைலன்சரைத் தாங்கிப் பிடிக்கும் போல்ட் தளர்ந்து, பைப்பின் எடை கீழே இழுத்து, இணைப்பில் மயிரிழை அளவுக்குச் சந்து விழுந்திருந்தது. ஒவ்வொரு முறை புகை வெளியேறும்போதும் கொஞ்சம் அந்தச் சந்து வழியாகப் பீறிட்டதுதான் நான் கேட்ட 'டிக் டிக்'. இரும்பு சூடாகி விரிந்ததும் சந்து குறுகியதால் சத்தம் குறைந்திருக்கிறது. போல்டை முடுக்கி, பைப்பைச் சரியாக உட்கார வைத்தார். வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது.

பழைய வண்டியின் சத்தத்தைக் கண்டுபிடிப்பதில் புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யும் தவற்றைத்தான் நானும் செய்திருந்தேன். சத்தம் எப்படி இருக்கிறது என்பதிலேயே காதை வைத்திருந்தேன்; எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதைக் கவனிக்கவில்லை. சத்தத்தை வருணிப்பதில் தமிழுக்குக் குறையே இல்லை. கடகட, சலசல, கரகர, லொடலொட, நறநற, கிணுகிணு என்று இரட்டைக்கிளவிகள் வரிசையில் நிற்கின்றன. ஆனால் நீங்கள் 'கடகட' என்று சொல்வது மெக்கானிக்கின் காதில் 'லொடலொட' ஆக இருக்கலாம். "காலையில் மட்டும் வருகிறது, கிளட்ச் பிடித்தால் நின்றுவிடுகிறது" என்று சொன்னால் அதில் இரண்டு பேருக்கும் குழப்பம் வர வழியில்லை.

என்ஜினுக்குள் ஏன் சத்தம் வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். உள்ளே ஒன்றின்மீது ஒன்று ஓடும் எந்த இரண்டு உலோகத் துண்டுகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே, பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே, பல்சக்கரத்தின் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே. இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் விரிந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும். இந்த இடைவெளியை ஆயில் ஒரு மெத்தை போல நிரப்பி வைக்கிறது. வருடக்கணக்கில் ஓடித் தேய்ந்து இடைவெளி பெரிதாகும்போதோ ஆயில் போதாமல் போகும்போதோ ஒரு துண்டு இன்னொன்றைப் போய் இடிக்கிறது. அந்த இடியைத்தான் நாம் சத்தம் என்கிறோம். எந்த இடைவெளி, எந்த நிலையில் இடிக்கிறது என்பதைப் பிடித்துவிட்டால் நோய் தெரிந்துவிடும்.

இதனாலேயே பழைய காற்றுக்குளிர் என்ஜின் முழுக்க அமைதியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நீரால் குளிரும் என்ஜின்களில் சிலிண்டரைச் சுற்றி இருக்கும் நீரே பாதிச் சத்தத்தை விழுங்கிவிடும். நம் வண்டிகளில் இருப்பதோ மெல்லிய குளிர்த்தகடுகள்; மணி நாக்கு பட்டால் மணி ஒலிப்பதுபோல அவையும் சேர்ந்து ஒலிக்கும். சில வண்டிகளில் இந்தத் தகடுகளுக்கு நடுவே சின்ன ரப்பர் துண்டுகளைச் செருகியிருப்பார்கள். அவை காய்ந்து விழுந்துவிட்டால் வண்டி திடீரென்று கணீரென்று பேசத் தொடங்கும். என்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த வார்ப்பிரும்பு புல்லட்டின் வலப்பக்க மூடிக்குள் பல்சக்கரங்கள் வரிசையாகச் சுழல்கின்றன. அந்த இடத்தில் ஒரு மெல்லிய இரைச்சல் பிறந்ததிலிருந்தே உண்டு. வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திய பிறகு 'டிங்... டிங்' என்று கேட்பது சூடான இரும்பு ஆறிச் சுருங்கும் ஓசை. ஒரு நண்பர் இதற்காகவே இரவு பத்து மணிக்கு என்னை அழைத்திருக்கிறார்.

முதலில் வெளியே தேடுங்கள்

என் அனுபவத்தில், என்ஜின் சத்தம் என்று சொல்லிக் கொண்டுவரப்படும் வண்டிகளில் நிறைய வண்டிகளுக்கு என்ஜினில் ஒன்றுமே இருப்பதில்லை. ஒற்றைச் சிலிண்டர் வண்டி நன்றாக அதிரும். அந்த அதிர்வில் கழன்ற நம்பர் பிளேட், கிராஷ் கார்டு, செயின் கவர், சைலன்சர் தகடு, பக்கவாட்டுப் பெட்டி என எதுவும் பேசத் தொடங்கும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: இந்தச் சத்தம் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வரும். நாற்பதில் லொடலொட என்று ஆடிவிட்டு ஐம்பதில் காணாமல் போய்விட்டால், எதோ ஒரு தகடு அந்த அதிர்வுக்கு ஒத்து ஆடுகிறது என்று பொருள். வண்டியை நிறுத்தி, சத்தம் வரும் அளவுக்கு ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்து, உடன் இருப்பவரை ஒவ்வொரு தகடாகக் கையால் அழுத்தச் சொல்லுங்கள். எதை அழுத்தும்போது சத்தம் அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. சைலன்சரில் மட்டும் கை வைக்கவிடாதீர்கள்.

நின்ற இடத்தில் நியூட்ரலில் வராமல் ஓடும்போது மட்டும் வரும் சத்தத்துக்கு என்ஜினைக் குறை சொல்வதற்கு முன் சக்கரத்தைப் பாருங்கள். என்ஜினை அணைத்துவிட்டு வண்டியைக் கையால் தள்ளிப் பார்த்தாலே பாதி தெரியும். பிரேக் லைனிங் உரசினால் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'சர்' என்று கேட்கும். செயின் தொய்ந்திருந்தால், ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் பிடிக்கும்போதும் கவரில் அடிக்கும். செயின் ஒரே சீராகத் தேய்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஓரிடத்தில் இறுக்கமாகவும் இன்னோர் இடத்தில் தொளதொளவென்றும் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடங்களில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தை வைத்துத்தான் அளவைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்து ஸ்பார்க் பிளக். கையால் மாற்றியவர்கள் பயந்து பயந்து முடுக்கியிருப்பார்கள். அது தளர்ந்தால் ஒவ்வொரு அழுத்தத்திலும் 'ட்ஸ் ட்ஸ்' என்று காற்று கசியும். வால்வைத் திறக்கும் பாகமான டேப்பட்டின் சத்தம் என்றே தோன்றும். பிளக்கின் அடியில் ஆயில் கலந்த கரி வளையம் இருந்தால் அதுதான்.

இதற்குப் பிறகு ஆயில். இதைக் கட்டுரையின் முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் யாரும் படிப்பதில்லை. ஆயில் குறைந்தால் நல்ல என்ஜினும் நோயாளி போலப் பேசும். பழைய புல்லட்டில் இதற்கு ஒரு தந்திரம் வேண்டும். அதன் ஆயில் அறை என்ஜின் உடலோடு சேர்ந்தே இருக்கிறது. வண்டி பல நாள் நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். அப்போது அளவுக்குச்சியை இழுத்துப் பார்த்தால் ஆயிலே இல்லாததுபோல இருக்கும். அதை நம்பி மேலும் ஊற்றினால், வண்டி ஓடத் தொடங்கியதும் அதிகப்படி ஆயில் மூச்சுக்குழாய் வழியாகத் தரையெல்லாம் கொட்டும். சில கிலோமீட்டர் ஓட்டி வந்து, நேராக நிறுத்தி, சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஆயிலின் தடிமனும் முக்கியம். இந்த என்ஜினுக்கு 20டபிள்யூ50 போன்ற தடித்த ஆயில்தான் பழக்கம். புதிய வண்டிகளுக்கான மெல்லிய ஆயிலை ஊற்றிவிட்டு, "திடீரென்று சத்தம் வருகிறது" என்று புலம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து கேள்விகள், ஒரு ஸ்க்ரூடிரைவர்

வெளியே ஒன்றும் கிடைக்கவில்லை, ஆயிலும் சரி என்றால் உள்ளே போகலாம். ஸ்பானருக்கு முன்னால் நோட்டுப் புத்தகம். குளிர்ந்த நிலையிலா, சூட்டிலா? ஐடிலிலா, வேகத்திலா? மேடு ஏறும்போதா, வெறுமனே நிற்கும்போதா? ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்கும்போதா, விடும்போதா? கிளட்சைப் பிடித்தால் மாறுகிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஆயிலை மாற்றி, டேப்பட் இடைவெளியையும் சரியாக வைத்து, செயினையும் இழுத்துவிட்டுச் சத்தம் போய்விட்டது என்றால் எது போக்கியது என்று உங்களுக்குத் தெரியாது; அடுத்த முறை மீண்டும் மூன்றையும் செய்வீர்கள்.

கிளட்ச் கேள்வி எளிதானது, பலனும் பெரிது. நியூட்ரலில் என்ஜின் ஓடும்போது கிளட்சைப் பிடியுங்கள். சத்தம் நின்றால் கியர் பெட்டியின் பேரிங்குகளையோ கிளட்ச் கூடையையோ சந்தேகிக்கலாம். பிடித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் கிளட்சைத் தள்ளும் பாகங்களைப் பார்க்க வேண்டும். எந்த மாற்றமும் இல்லை என்றால், சத்தம் என்ஜினுக்குள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம். புல்லட்டில் இன்னொன்றும் உண்டு. இடப்பக்க மூடிக்குள் கிராங்க்கிலிருந்து கிளட்சுக்குப் போகும் ப்ரைமரி செயின் தொய்ந்தால், வண்டி மெதுவாக, ஒரு சீரில்லாமல் ஐடிலில் ஓடும்போது இடப்பக்கம் 'கடங் கடங்' என்று அடிக்கும். ஆக்ஸிலரேட்டரைச் சிறிது கொடுத்ததும் செயின் இழுபட்டுச் சத்தம் மறைந்துவிடும். கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும் சத்தம், சரிசெய்வதோ எளிது.

இடத்தைக் கண்டுபிடிக்க நீளமான ஸ்க்ரூடிரைவர் போதும். முனையை என்ஜினின் மேல் வைத்து, பிடியைக் காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்துங்கள். உலோகம் வழியே வரும் ஒலி மற்ற இரைச்சலை விலக்கிவிட்டு நேராகக் காதுக்குள் இறங்கும். முதல் முறை கேட்பவருக்கு எல்லா இடத்திலும் பயங்கரமான சத்தம் கேட்கும். அதனால் வண்டி நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு முறை கேட்டுப் பழகிவிடுங்கள். ஹெட்டின் மேலிருக்கும் ராக்கர் மூடி, சிலிண்டரின் நடு, பல்சக்கரங்களை மூடியிருக்கும் டைமிங் மூடி, கிராங்க் அறை என்று நான்கு இடம் வைத்துக்கொண்டால் போதும். எங்கே உரக்கக் கேட்கிறது என்பதைவிட எங்கே கூர்மையாகக் கேட்கிறது என்பதைப் பாருங்கள். உலோகம் ஒலியை எங்கும் கடத்தும், ஆனால் மூலத்திலிருந்து விலக விலக அது மழுங்கிவிடும். சட்டை நுனி, துப்பட்டா, தலைமுடி எதுவும் சுழலும் பாகத்துக்குப் பக்கத்தில் போகக்கூடாது. மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

கைபேசியில் பதிவு செய்து அனுப்பி "இது என்ன சத்தம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கைபேசி உரத்த ஒலியைத் தானே அடக்கி, மெல்லிய ஒலியைத் தானே உயர்த்திவிடும். நல்ல வண்டியும் அதில் மோசமாகக் கேட்கும். ஒரே இடத்தில் வைத்து மாதம் ஒரு முறை பதிவு செய்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும் அதை நம்பலாம்.

டேப்பட்: சத்தம் போடுவது நல்ல பிள்ளை

எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் டேப்பட். வால்வைத் திறக்கும் பாகங்களுக்கு நடுவே விடப்படும் இடைவெளி அதிகமானால், ஒவ்வொரு முறை வால்வு திறக்கும்போதும் ஒரு துண்டு இன்னொன்றைத் தட்டும். மெல்லிய, உலர்ந்த 'டிக் டிக்'. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வால்வு ஒரு முறை திறக்கும். வண்டி நிமிடத்துக்கு 900 சுற்றில் ஐடிலாக ஓடுகிறது என்றால் கிராங்க் வினாடிக்கு 15 முறை சுற்றும். ஒரு வால்வின் தட்டலோ ஏழு, எட்டு முறைதான். எண்ண முடியாதுதான். ஆனால் என்ஜினின் ஓட்டத்தைவிடச் சத்தம் சோம்பலாக வருகிறது என்று காதுக்குத் தெரியும். அப்படித் தெரிந்தால் வால்வுப் பக்கம் பாருங்கள். ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து ஓயாமல் தட்டினால் பிஸ்டன் அல்லது கிராங்க் பக்கம்.

வார்ப்பிரும்பு புல்லட்டில் இதைச் சரிபார்ப்பது ஒரு சுகமான வேலை. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் கூடத் தேவையில்லை. என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியாக இருந்தால் நல்லது. சிலிண்டரின் அடியில் வலப்பக்கம் ஒரே நட்டில் நிற்கும் சின்ன மூடி இருக்கிறது. அதைக் கழற்றினால், வால்வுகளைத் திறப்பதற்காக மேலே தள்ளும் கம்பிகளான இரண்டு புஷ்ராடுகளின் அடிப்பகுதி தெரியும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பிஸ்டன் அழுத்தத்தின் உச்சிக்கு வரும்வரை என்ஜினை மெல்லச் சுற்ற வேண்டும். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். இப்போது ஒவ்வொரு புஷ்ராடையும் இரண்டு விரலால் பிடித்து உருட்டிப் பாருங்கள். தடையில்லாமல் உருள வேண்டும். ஆனால் மேலும் கீழும் துளியும் ஆடக்கூடாது. இதுதான் அளவு. ஆடினால் சத்தம் வரும். உருள மறுத்தால் இறுக்கம்.

இந்த இறுக்கத்துக்குத்தான் நான் பயப்படச் சொல்வேன். தளர்ந்த டேப்பட் தெருவுக்கே கேட்கும்படி குறை சொல்லும். இறுகிய டேப்பட் வாயே திறக்காது. வால்வு முழுக்க மூடாமல், சூடான வாயு அதன் விளிம்பு வழியாகக் கசிந்து, விளிம்பையே அரித்துவிடும். வால்வு தன் சூட்டைத் தணித்துக்கொள்வதே மூடியிருக்கும் நேரத்தில் ஹெட்டில் தான் உட்காரும் இடத்தோடு ஒட்டி நின்றுதான். அந்த நேரம் குறைந்தால் கருகாமல் என்ன செய்யும்? "சத்தமே இல்லாமல் டேப்பட்டை வைத்துக்கொடுங்கள்" என்று பட்டறையில் கேட்பவர்கள் தாங்களே செலவுக்குப் பிள்ளையார் சுழி போடுகிறார்கள்.

ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஹெட்டிலேயே இருக்கிறது. அங்கே இடைவெளி ஃபீலர் கேஜால் வைக்க வேண்டிய மிகச் சிறிய அளவு. அளவை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வண்டிகளில் டேப்பட்டைவிட அதிகம் பேசுவது, கேம் ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் செயின். இடப்பக்கம் சலசல என்று, பையில் சில்லறை குலுங்குவதுபோல ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகம் இறங்கும்போது நன்றாகத் தெரியும். செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் சேர்ந்து தேய்ந்திருக்கும். செயினை மட்டும் மாற்றிக் காசை மிச்சப்படுத்துவது வீண். டென்ஷனரின் உருளைகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

2008 வாக்கில் வரத் தொடங்கிய யூசிஇ (என்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டில் இருக்கும்) புல்லட்டுகளில் டேப்பட் வைக்கும் வேலையே இல்லை. ஆயில் அழுத்தத்தால் தானே இடைவெளியை நிரப்பிக்கொள்ளும் ஹைட்ராலிக் அமைப்பு அது. காலையில் ஆயில் மேலே ஏறும்வரை சில வினாடிகள் டிக்டிக் என்றால் விட்டுவிடலாம். சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் முதலில் ஆயிலைப் பாருங்கள். யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களிடம் யாராவது "டேப்பட் சத்தம்" என்று சொன்னால் அந்தப் பட்டறையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வந்துவிடுங்கள். அது இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின். அதில் டேப்பட் வைத்துத் திறக்கும் வால்வு கிடையவே கிடையாது.

மலையில் கேட்கும் கிண்கிணி

வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது, கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்த பிறகும் டாப் கியரிலேயே இழுத்தால், என்ஜினுக்குள் யாரோ குண்டூசிகளைக் கொட்டியதுபோல 'கிண் கிண்' என்று கேட்கும். இது தேய்மானச் சத்தம் இல்லை. எரிபொருள் கலவை தீப்பொறியிலிருந்து ஒழுங்காகப் பரவி எரியாமல், சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரு பகுதி தானாகவே வெடிக்கிறது. பட்டறையில் இதை நாக்கிங் என்பார்கள். கியரைக் குறைத்ததும் போய்விட்டால் ஓட்டுபவரின் கை செய்த தப்பு. குறைத்த பிறகும் வந்தால், தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங் முன்கூட்டி இருக்கலாம், பிஸ்டன் தலையில் கரி சேர்ந்திருக்கலாம், கார்ப்பரேட்டர் பெட்ரோலைக் குறைவாகக் கொடுக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறியை வரவழைக்கும் பாயின்ட் வைத்த பழைய புல்லட்டில் பாயின்டின் இடைவெளி மாறினாலே டைமிங்கும் நகர்ந்துவிடும்; 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். நாக்கிங்கை அலட்சியம் செய்து நாள்கணக்கில் ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் 'பட் பட்' என்று வெடிப்பது வேறு கதை. சைலன்சர் இணைப்பில் காற்று புகுந்தாலும் கலவையில் பெட்ரோல் குறைந்தாலும் அப்படி வரும். எத்தனால் கலந்த பெட்ரோல் கலவையை இன்னும் மெலிதாக்கும் என்பதால், கார்ப்பரேட்டர் வண்டிகளில் இப்போது இது சற்று அதிகமாகவே கேட்கிறது.

டொக் டொக்: எது பொறுக்கும், எது பொறுக்காது

மந்தமாக, மரத்தில் தட்டுவதுபோல வரும் சத்தங்களில் மூன்று இருக்கின்றன. பழகாத காதுக்கு மூன்றும் ஒன்றுபோலவே கேட்கும். வரும் நேரம்தான் முதலில் பிரித்துக் காட்டும்.

காலையில் குளிரில் வந்து, சில நிமிடங்களில் கரைந்துவிடுவது பிஸ்டன் சத்தம். தேய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்குச் சாய்ந்து தட்டுகிறது. அலுமினியப் பிஸ்டன் சூட்டில் விரைவாக விரிந்து இடைவெளியை நிரப்பியதும் அடங்கிவிடும். நீலம் கலந்த புகை மறையாமல் வருகிறது, ஆயில் குறைகிறது, இழுவை போய்விட்டது என்றால் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்யும் நாள் வந்துவிட்டது. இவை எதுவும் இல்லை என்றால் வண்டியைச் சற்று சூடாக்கிவிட்டு எடுங்கள். இந்தச் சத்தத்தோடு வருடக்கணக்கில் ஓடும் வண்டிகள் உண்டு.

இரண்டாவது, பிஸ்டனையும் அதைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடையும் கோக்கும் பின்னின் சத்தம். கொஞ்சம் கூர்மையாக, இரட்டைத் தட்டலாக, சிலிண்டரின் மேல்பாதியில் கேட்கும். சூட்டிலும் போகாது. சிலிண்டரைத் தூக்க வேண்டிய வேலை, ஆனால் அவசரமில்லை.

மூன்றாவதுக்கு அவசரம் உண்டு. கனெக்டிங் ராடின் அடிப்பக்கம், கிராங்க்கைப் பிடித்திருக்கும் பேரிங்கின் சத்தம். ஆழமான, கனத்த இடி. காதுக்கு வருவதற்கு முன் ஃபுட்ரெஸ்ட் வழியாகக் காலுக்கு வரும். சூடாகி ஆயில் இளகியதும் குறையாமல் கூடும். பாரம் ஏற்றினால் உரக்கும். வேகத்தில் போய்க்கொண்டிருக்கையில் ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடும் அந்த ஒரு நொடியில், இழுப்பும் இல்லாமல் தடுப்பும் இல்லாமல் ராடு மிதக்கும்போது, தனியாகத் தெரியும். இந்த அடையாளங்கள் சேர்ந்து வந்தால் வண்டியை அணைத்துவிட்டு ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வீடு பக்கத்தில்தான் என்று ஓட்டக்கூடாது.

நான் ஓட்டினேன். சைலன்சர் போல்ட் கதைக்கு ஆறு வருடம் கழித்து, அதே வண்டியில், அதே ஆள். முன்பு ஒரு முறை ஒன்றுமில்லாததற்குப் பயந்தோம் என்ற நினைப்பில், இந்த முறை பயப்பட வேண்டியதற்குப் பயப்படவில்லை. மாலையில் வீடு திரும்பும்போது காலில் ஒரு இடி தெரிந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர்தான் மிச்சம் இருந்தது. கடைசி நான்கு கிலோமீட்டரில் எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம்.

மறுநாள் பெரியவர் சிலிண்டரைத் தூக்கிவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கனெக்டிங் ராடைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினார், ஆடியது. "இது ஆடலாம், இதற்கு இடம் விட்டிருக்கிறார்கள்" என்றார். பிறகு கிராங்க்கை உச்சிக்குக் கொண்டுவந்து, என் கையை எடுத்து ராடின் மேல் வைத்து, மேலே இழுத்துக் கீழே தள்ளச் சொன்னார். துளியும் அசையக்கூடாத இடம் அது. 'டக்' என்று ஒரு சின்ன அசைவு. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. இன்னொரு முறை செய்யச் சொன்னார். மீண்டும் 'டக்'. கிராங்க் முழுவதையும் இறக்கி, பின்னும் பேரிங்கும் மாற்றி, திரும்ப நேர் பார்த்து ஏற்றுவதற்குப் பதினெட்டு நாள் ஆனது. எடுத்தபோது வலப்பக்கத்தில் டிக்டிக் என்று கேட்டது. பெரியவர் குனிந்து புஷ்ராடு இரண்டையும் உருட்டிப் பார்த்துவிட்டு, மூடியைப் போட்டு நட்டை முடுக்கினார்.